சிறு மின்கலம் சுமக்கும் அமானிதம்

ஆற்றல் வேறு, அடக்கம் வேறு. ஒன்றிருந்தால் மற்றதும் தானே வந்துவிடும் என்று கருதுவோர்க்கு, ரேடியோவால் இயக்கப்படும் பெரிய விளையாட்டுக் கார்களைவிடத் தெளிவான மறுப்பு வேறில்லை. வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்னும் முறையில் இதைச் சொல்கிறேன்.

விளையாட்டுக் கார் என்றதும், தரையில் உருண்டோடும் பொம்மையை நினைத்துவிட வேண்டாம். உண்மைக் காரின் ஐந்திலொரு பங்கு அளவில் செய்யப்படும் இவை ஏறத்தாழ 80 செ.மீ. நீளமும், 10 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உடையவை. இவற்றுள் பலவற்றை இயக்குவது 23 அல்லது 26 சி.சி. பெட்ரோல் இன்ஜின். மணிக்கு 60 கி.மீ. வேகத்தை எளிதில் எட்டிவிடும். 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் சிறு படகொன்றை ரேடியோ அலைகளால் செலுத்திக் காட்டினாரே, அக்கலையின் வழித்தோன்றல்களே இவையும்.

கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் அனுப்பும் கட்டளையை, காரிலுள்ள ரிசீவர் கேட்கிறது. கேட்டதைச் செர்வோ என்னும் சிறு மோட்டார்களுக்குச் சொல்கிறது. ஒரு செர்வோ முன்சக்கரங்களைத் திருப்பும். மற்றொன்று பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பதோடு பிரேக்கையும் அழுத்தும். ரிசீவருக்கும் செர்வோக்களுக்கும் உயிர் தருவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மின்கலக் கட்டு. இன்ஜினுக்கோ அதன் தயவு தேவையே இல்லை. கயிற்றை இழுத்துக் கிளப்பிவிட்டால், தனக்கு வேண்டிய மின்பொறியைத் தன் சுழற்சியிலேயே அது உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே மின்கலம் அணைந்தால் இன்ஜின் அணைவதில்லை, கீழ்ப்படிதல்தான் அணைகிறது! செர்வோ கடைசியாக நின்ற நிலையிலேயே நின்றுவிடக்கூடும். அந்நிலை முழுவேகமாக இருந்தால் என்னாகும்?

வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் என் சகோதரி மகனுக்கு இப்படித்தான் நேர்ந்தது. மணல் வெளியில் திருப்பத்தில் ஓடிய கார், நொடி நேரம் செவிடாகி, நேரே சென்று மதிலில் மோதி நின்றது. சற்று முன்புவரை அவ்விடத்தில் சிறுவர் சிலர் நின்றிருந்தனராம். அல்லாஹ் காத்தான். “மாமா! பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. மீட்டர் 6 வோல்ட் காட்டுகிறதே!” என்று தொலைபேசியில் வியந்தான். “சும்மா இருக்கையில் அளந்தாயா, வேலை செய்கையில் அளந்தாயா?” என்று கேட்டேன்.

மருமம் இக்கேள்வியில்தான் இருக்கிறது. கனத்த சக்கரம் மணலை எதிர்த்துத் திரும்பும்போது பெரிய செர்வோ பல ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். மின்கலத்தின் உட்புறத்திலும், மெல்லிய கம்பியிலும், தளர்ந்த இணைப்பிலுமாக 0.2 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 10 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். 6 வோல்ட் 4 ஆகிவிடும். செர்வோ சோர்வதோடு ரிசீவரும் மயங்கும். அது விழித்து மீண்டும் டிரான்ஸ்மிட்டரை இனங்காண்பதற்கு ஒரு நொடியானாலும், 60 கி.மீ. வேகத்தில் கார் 16 மீட்டருக்கு மேல் தன்னிச்சையாக ஓடிவிடும். சக்கரத்தைக் கையால் தடுத்துப் பிடித்து, திருப்பச் செய்து அவன் மறுபடி அளந்தான். முள் 4 வோல்ட்டை ஒட்டி இறங்கியது.

பரிகாரம் அரிதன்று. ஸ்பிரிங் வைத்த பெட்டியில் செருகும் சாதாரண மின்கலங்களை விலக்கி, மிகுந்த மின்சாரத்தைத் தளராமல் தரவல்ல கட்டினைப் பற்றவைத்த இணைப்புகளோடு பொருத்த வேண்டும். 5 நிக்கல் மின்கலங்கள் 6 வோல்ட் தரும்; 2 லித்தியம் பாலிமர் மின்கலங்கள் நிறைந்த நிலையில் 8.4 வோல்ட் தரும். பின்னது, அவ்வழுத்தத்தைத் தாங்கவல்ல செர்வோவுக்கே நேரே பொருந்தும். ஏனையவற்றுக்கு இடையே ஒரு சீராக்கி வேண்டும். கம்பி தடித்ததாக இருத்தல் நலம். மின்சாரத்தாலேயே ஓடும் பெரிய கார்களில் முதன்மை மின்கலத்தின் உயர்ந்த அழுத்தத்தை இறக்கித் தர அத்தகைய சீராக்கியே பயன்படுகிறது; அங்கும் அது செர்வோவின் பசிக்கு ஈடுகொடுப்பதாக இருக்க வேண்டும்.

அலை அறுந்தால் பிரேக்கை அழுத்தும் காப்பு ஏற்பாடு ரிசீவரில் இருக்கிறதே என்பர் சிலர். உண்மைதான், ஆனால் பிரேக்கை அழுத்தவும் அதே மின்கலத்தின் வலிமைதானே வேண்டும்? ஆதலால், மின்சாரம் அற்றாலும் இன்ஜினின் பொறியைத் துண்டிக்கும் தனிக் கருவி ஒன்றையும் பொருத்துதல் கடமை.

உள்ளம் என்னும் சிறு சதைத்துண்டின் சீர்மையைப் பொறுத்தே உடலின் சீர்மை அமைகிறது என்னும் நபிமொழியின் கருத்தை நம் இல்லங்களில் அறியாதார் இலர். இன்ஜினின் உறுமலைக் கண்டு மகிழ்ந்து பெரும்பொருள் செலவிடும் பெற்றோர், கட்டளையைச் சுமக்கும் மின்கலத்துக்கு வரும்போதுதான் கையை இறுக்குகின்றனர். பிள்ளையின் கையில் வேகத்தைக் கொடுக்கிறோம். ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிறர் பிள்ளைகளின் உயிர் அப்போது நம்மிடம் அமானிதமாகிறது. அதை அச்சிறு மின்கலமே சுமக்கிறது. ஓய்வில் அது காட்டும் அளவை நம்பாதீர்கள். சோதனையில் எவ்வளவு நிலைக்கிறது என்று பார்த்த பின்னரே கயிற்றை இழுக்க விடுங்கள்.