சிகாகோ நரியும் ஒரு கைப்பிடிச் சோறும்

போன ஏப்ரலில் நானும் மனைவியும் அமெரிக்காவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். சிகாகோ நகரத்துக்கு மேற்கே ஒரு புறநகர். ‘மக்காச்சோளப் பண்ணைகளைப் பார்த்துவிட்டு வரலாம்’ என்ற நினைப்பில்தான் விமானம் ஏறினேன். ஆனால், எனக்குப் பாடம் நடந்தது மகள் வீட்டுக் கொல்லையில்.

போன மூன்றாம் நாள். விடிந்தும் விடியாத நேரம். காபி டம்ளரோடு பின்வாசலில் நின்றேன். வேலியோரம் ஒரு விலங்கு. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், கூரான காது, கறுப்பு நுனியோடு தொங்கும் அடர்ந்த வால். “என்னங்க, நரி முகத்துல முழிச்சிட்டீங்க. நல்ல சகுனம்” என்று சிரித்தாள் மனைவி.

“அது நரி இல்லப்பா, கயோட்டி” என்றாள் மகள்.

நம் ஊர் நரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். நம் நரி 8, 10 கிலோ இருக்கும். இது 11 முதல் 16 கிலோ வரை வளரும். ஓநாயைவிடச் சிறியது. முன்பு அமெரிக்காவின் மேற்கு, நடுப் பகுதிப் புல்வெளிகளில்தான் அதிகம் இருந்தது. மற்ற பகுதிகளில் ஓநாய்களை ஒழித்தார்கள், காடுகளைத் திருத்தினார்கள். காலியான இடத்துக்குக் கயோட்டி வந்துவிட்டது. இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. 2007 ஏப்ரலில் ஒரு கயோட்டி, சிகாகோவின் கடைவீதியில் பட்டப்பகலில் ஓர் உணவகத்துக்குள் நுழைந்து, குளிர்பான அலமாரியில் ஏறிப் படுத்துக்கொண்டது. யாருக்கும் காயம் இல்லை. ஆட்கள் வந்து பத்திரமாகப் பிடித்துப் போனார்கள்.

என்ன சாப்பிடுகிறது?

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி கெர்ட் என்ற விஞ்ஞானியின் குழு, சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் 2000-ம் ஆண்டு முதல் கயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை கட்டி ஆராய்ந்து வருகிறது. 1,400-க்கும் மேற்பட்ட எச்சங்களைச் சோதித்ததில், 42 சதவிகித எச்சங்களில் எலி போன்ற சிறு பிராணிகள் இருந்தன. 23 சதவிகிதத்தில் பழங்கள், 22 சதவிகிதத்தில் மான், 18 சதவிகிதத்தில் முயல். வீட்டுப் பூனையின் மிச்சம் சுமார் 1 சதவிகிதத்தில்தான். அங்கே பூங்கா, புல்வெளிகளை நாசமாக்கும் கனடா வாத்தின் முட்டைகளையும் இவை தின்று தீர்க்கின்றன. நம் வயலில் நரியும் ஆந்தையும் எலியைக் குறைப்பது போல, சம்பளம் வாங்காத வேலையாள்.

காக்கா எடுத்த சோறு

இதையெல்லாம் கேட்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். ஆனால், அந்தக் கயோட்டி நாளுக்கு நாள் நெருங்கி வந்தது. முதலில் வேலியோரம், பிறகு மரத்தடி. பத்தாம் நாள், நான்கு வயதுப் பேரன் பந்தோடு கொல்லைக்கு ஓடியபோது, இருபதடி தூரத்தில் நின்று பார்த்ததே தவிர நகரவில்லை. எனக்கு நெஞ்சு படபடத்தது. பேரனைத் தூக்கிக்கொண்டு, அதைப் பார்த்தபடியே பின்னால் நடந்து உள்ளே வந்தேன்.

அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மையார் வந்தார். “வெளியே ஏதாவது சாப்பாடு வைக்கிறீர்களா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மனைவி முகம் மாறிவிட்டது. தினமும் காலையில் ஒரு கைப்பிடிச் சோற்றில் பருப்பும் நெய்யும் பிசைந்து காக்கைக்கு வைத்துக்கொண்டிருந்தாள். சோறு காணாமல் போகப் போக, “இந்த ஊர்க் காக்காவும் நம்ம சோத்தைச் சாப்பிடுது” என்று அவளுக்குச் சந்தோஷம்.

அந்த அம்மையார் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தெருவில் ஒருவர் பரிதாபப்பட்டு ஒரு கயோட்டிக்கு நாய்த் தீனி வைத்தாராம். அது ஆட்களைக் கண்டாலே தீனி கேட்டுப் பின்னால் வரத் தொடங்கியது. கடைசியில் பொறி வைத்துப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் பெரும்பாலும் அங்கே தங்குவதில்லை. பழைய இடம் தேடிக் கிளம்பி, சாலையில் அடிபட்டுச் சாகும். கொன்றாலும் அந்த இடத்துக்கு வேறொன்று வரும்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. காட்டுப்பன்றி வருகிறது என்று மனு கொடுக்கும் விவசாயிகளிடம், “வரப்போரம் கழிவைக் கொட்டாதீர்கள்” என்று முப்பது வருடமாகச் சொல்பவன் நான்.

தாம்பாளமும் கரண்டியும்

மறுநாளே சோறு வைப்பதை நிறுத்தினோம். பறவைத் தீனிப் பெட்டியின் அடியில் சிந்திய தானியத்தைக் கூட்டி அள்ளினோம். குப்பைத் தொட்டியை, வண்டி வரும் காலையில் மட்டும் வெளியே வைத்தோம். அது வரும்போதெல்லாம் மனைவி தாம்பாளத்தில் கரண்டியால் தட்டினாள். நான் இரண்டு கையையும் தூக்கி, “ஓடு, ஓடு” என்று தமிழிலேயே கத்தினேன். முதல் நாள் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தது. அதோடு விட்டால், நாம் சும்மா மிரட்டுகிறோம் என்று புரிந்துகொள்ளும். கண்ணுக்கு மறையும்வரை தட்ட வேண்டும். முதுகைக் காட்டி ஓடவே கூடாது. ஏப்ரல், மே குட்டி போடும் பருவம். வெளியில் நடக்கும்போது குட்டிகள் இருக்கும் வளைப் பக்கம் போய்விட்டால் மட்டும், விரட்டாமல் நாம்தான் மெதுவாக விலகிவிட வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பகலில் வருவது நின்றது. இரவில் தூரத்தில் அதன் ஊளை கேட்கும். உயிரோடுதான் இருக்கிறது என்று ஆறுதலாக இருக்கும்.

மனைவிக்குத்தான் மனசு ஆறவில்லை. “பெரியவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?” என்றாள். “பேரனுக்கு ஆபத்துன்னா கோவிச்சுக்கவா போறாங்க, அம்மா?” என்றாள் மகள். அமாவாசை அன்று மாடிப் பால்கனியில் சோறு வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, மிச்சத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள் மனைவி.

நம் ஊருக்கு வந்தால்...

மலைப்பாதையில் குரங்குக்குப் பழம் வீசுகிறோம். அடுத்த வாரம் அது பையைப் பிடுங்கினால் திட்டுகிறோம். விலை இல்லாத தக்காளியையும் கோழிக்கழிவையும் ஓடைக்கரையில் கொட்டுகிறோம். அந்த வாசத்துக்குப் பன்றி வந்து, அப்படியே நிலக்கடலைக் காட்டுக்குள் இறங்குகிறது. கழிவை நிறுத்திவிட்டால் பன்றியே வராது என்று நான் சொல்ல மாட்டேன். பயிரே அதற்குத் தீனிதான். ஆனால், கூப்பிடுவதையாவது நிறுத்தலாம் அல்லவா? மின்வேலி போட்டு மனித உயிரையும் பறிகொடுக்கும் ஆபத்தான வழிக்குப் போகும் முன், ஒருநாள் மாலை நிலத்தைச் சுற்றி நடந்து, நாம் கொட்டியது என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள். அழுகிய காய்கறியை எருக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள், உரமாவது மிஞ்சும்.

உங்கள் ஊரில் விலங்கு எதனால் நெருங்கி வந்தது, என்ன செய்ததும் விலகிப் போனது என்று கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். உங்கள் அனுபவம் பக்கத்து ஊர்க்காரருக்கு உதவும்.