ஏழு செகண்டு பொறும்மா!

"எழுந்திரு, சீக்கிரம்! தலை பின்னிண்டாச்சா, சீக்கிரம்! பஸ் போயிடும், சீக்கிரம்!"

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலே பொழுது விடிந்ததும் கேட்கிற சுப்ரபாதம் இதுதான். பாடுகிறவள் நான்தான். உங்கள் வீட்டிலும் இதே பாட்டு இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் இந்தப் பாட்டு குழந்தையின் மனசுக்குள்ளே எவ்வளவு தூரம் போய் உட்கார்ந்து கொள்கிறது என்பதை எனக்கு எடுத்துச் சொன்னது ஒரு துப்பாக்கி! பயந்து விடாதீர்கள், சொல்கிறேன்.

2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி திருச்சி கே.கே. நகர் ரைபிள் கிளப்பிலே நடந்தது. நடிகர் அஜித்குமார் போட்டியிட வந்திருந்தார். அவரைப் பார்க்க ஊரே திரண்டது. அப்போது என் மகளுக்குப் பதினாலு வயசு. அவள் அஜித்தைப் பற்றிப் பேசவில்லை. "பொண்களும் சுடறாளாமே அம்மா, நானும் கத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

என் மாமியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பொம்மனாட்டிக் குழந்தை கையிலே துப்பாக்கியா? நன்னாயிருக்கு!" நல்லவேளையாக எதிர்வீட்டு மாமா வந்து சேர்ந்தார். அவர் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "1966-லேயே துப்பாக்கித் தொழிற்சாலை வந்த ஊர் மாமி இது. பண்றதுக்கு நாங்க இருந்தோம், சுடறதுக்கு ஒரு குழந்தை இருக்கட்டுமே!" என்றார். மாமியார் சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்த மாதிரிதான்.

முதலில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 75 நிமிஷத்தில் 60 தடவை சுட வேண்டும். நடுவிலே இருக்கிற பத்துப் புள்ளி வட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு! அதிலே அவள் நன்றாகவே தேறினாள். இரண்டு வருஷம் கழித்து 25 மீட்டர் பிஸ்டலுக்குப் போனாள். வந்தது வினை.

பெண்களுக்கான இந்தப் போட்டியில் இரண்டு பகுதி. முதல் பகுதி நிதானம்: ஐந்து நிமிஷத்துக்கு ஐந்து குண்டு வீதம் முப்பது. இரண்டாவது பகுதி வேகம்: அதிலும் முப்பது. கையைச் சாய்வாகத் தாழ்த்திக்கொண்டு நிற்க வேண்டும். ஏழு செகண்டு சிவப்பு விளக்கு. பிறகு பச்சை எரியும், மூன்றே செகண்டு. அதற்குள் கையைத் தூக்கி, குறி வைத்து, ஒரே ஒரு குண்டு. மறுபடி ஏழு செகண்டு காத்திருப்பு. பச்சை வருவதற்கு முன்னால் கை எழுந்தால் எச்சரிக்கை. திரும்பவும் செய்தால் புள்ளியைக் குறைப்பார்கள்.

மாவட்டம், மாநிலம், தென் மண்டலம், தேசியம் என்று ஏறுவதற்குப் படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சப் புள்ளி ஒன்று உண்டு. என் பெண் நிதானத்தில் 300-க்கு 276 எடுத்தாள். வேகத்தில் 251. மொத்தம் 527. அடுத்த படிக்கு ஒன்பது புள்ளி குறைந்தது. அடுத்த போட்டியிலும் அதே கதை. அத்துடன் கையை முன்னாலேயே தூக்கியதற்காக ஓர் எச்சரிக்கை வேறு.

பஸ்ஸிலே திரும்பும்போது காவிரிப் பாலம் வரை பேசாமல் வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இனிமே நீ பாக்க வராதேம்மா. நீ பின்னாடி நின்னாலே எனக்குச் சீக்கிரம் சீக்கிரம்னு காதிலே கேக்கறது."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷமாக டப்பாவிலே தயிர்சாதம் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கூடவே போனவள் நான்! அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பயிற்சியாளரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். அவர் ஒரு கணக்குச் சொன்னார். "நிதானப் பகுதியிலே பத்துப் புள்ளி வட்டம் 5 சென்டிமீட்டர். வேகப் பகுதியிலே 10 சென்டிமீட்டர், இரண்டு மடங்கு அம்மா! 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றிலே மனு பாக்கர் நிதானத்திலே 294, வேகத்திலே 296 எடுத்தாங்க. உங்க பொண்ணுக்கு வேகத்திலே 25 குறையுதுன்னா அது குறி பார்க்கத் தெரியாததாலே இல்லை. பதற்றம். வீட்டிலே பயிற்சிக்கு யார் நேரம் சொல்றது?"

"நான்தான்" என்றேன்.

வீட்டுப் பயிற்சிக்குத் துப்பாக்கி கிடையாது. தண்ணீர் நிரம்பிய ஒரு லிட்டர் பாட்டில்தான். அதுவும் ஒரு கிலோ, ஏர் பிஸ்டலும் ஏறக்குறைய அவ்வளவுதான். வெறும் சுவரைப் பார்த்து நின்று அவள் பாட்டிலைத் தூக்குவாள். நான் அடுப்பிலே குழம்பைக் கவனித்துக்கொண்டே, "சிவப்பு... பச்சை!" என்று குரல் கொடுப்பேன்.

பயிற்சியாளர் கையிலே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, "இப்போ சொல்லுங்க" என்றார். மனசுக்குள் ஏழு எண்ணிப் "பச்சை" என்றேன். அவர் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். நாலு செகண்டுதான் ஆகியிருந்தது! மூன்று தடவை பார்த்தோம். ஒரு தடவைகூட ஐந்தைத் தாண்டவில்லை.

சகோதரிகளே, அந்த இடத்திலே எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ஏழு செகண்டு நாலு செகண்டு! அந்த அவசரம்தான் என் குழந்தையின் கையை முன்னாலேயே தூக்க வைத்திருக்கிறது. இதுவரை 'விரலை ஏன் இப்படி இழுக்கிறாள்?' என்று அவளைத்தானே குறை சொன்னேன்!

அவர் என்னைத் தேற்றிவிட்டு இன்னொன்றும் சொன்னார். ஓடியாடிச் சுடும் பிஸ்டல் போட்டி ஒன்று வெளிநாடுகளில் உண்டு. அதற்கான உலகச் சங்கம் 1976-ல் அமெரிக்காவில் பிறந்தது. அங்கே எடுத்த புள்ளியை, ஆன செகண்டால் வகுப்பார்கள். 10 செகண்டில் 60 புள்ளி என்றால் 6. அவசரப்பட்டு 8 செகண்டில் முடித்து, 40 புள்ளிதான் விழுந்தால் 5. வேகமாய் முடித்தவர்தான் பின்தங்குகிறார்! அமெரிக்காவில் டி வகுப்பிலிருந்து கிராண்ட் மாஸ்டர் வரை தரம் பிரிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தானாம்.

"அப்படின்னா வேகம் எப்படி வரும்?" என்று கேட்டேன்.

"வீணாப் போற நேரத்தைக் குறைச்சா வரும்மா, விரலை அவசரப்படுத்தினா வராது" என்றார். எங்கே வீணாகிறது என்று மூன்று இடம் காட்டினார்.

ஒன்று, கை. என் பெண் கையை வேகமாகத் தூக்கி, இலக்குக்கு மேலே போய், திரும்ப இறக்கிக் கொண்டிருந்தாள். நேராக ஏறி, நிற்க வேண்டிய இடத்திலேயே நின்றால் அரை செகண்டு மிச்சம்.

இரண்டு, கண். துப்பாக்கி நுனியிலுள்ள குறிமுள், தூரத்து இலக்கு இரண்டையும் கண்ணால் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. முள் தெளிவாக இருக்கட்டும், இலக்கு மங்கலாகவே இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே கண் அலைந்தால் நேரம் போய்விடும்.

மூன்று, விரல். கை மேலே ஏறும்போதே விசையில் லேசாக அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். கை நின்றதும் அதே அழுத்தம் தொடர்ந்தால் போதும். கடைசியில் வெடுக்கென்று இழுத்தால் குண்டு விலகிவிடும்.

மூச்சும் உண்டு. சிவப்பு எரியும்போது மூச்சை மெல்ல விட்டு, தோளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். அந்த ஏழு செகண்டும் ஓய்வு. அதைத் திருடக் கூடாது. திருடியவள் நான்!

அன்றிலிருந்து வீட்டுப் பயிற்சியிலே என் குரல் கிடையாது. செல்போனில் ஏழு செகண்டு, மூன்று செகண்டு என்று மணி அடிக்க வைத்தோம். தினமும் இருபது நிமிஷம். முதல் பதினைந்து நாள் மூன்றுக்குப் பதிலாக ஐந்து செகண்டு, பிறகு நாலு, பிறகுதான் மூன்று. ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு தவறை மட்டும் நோட்டில் எழுதி, அதை மட்டும் திருத்தினாள். அடுப்பை அணைத்துவிட்டு நான் ஊஞ்சலில் உட்கார்ந்து பார்ப்பேன். என் வாய்தான் அரித்தது!

காலை சுப்ரபாதத்தையும் மாற்றினேன். பத்து நிமிஷம் முன்னால் எழுப்புகிறேன். "சீக்கிரம்" என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டிலே தடை. மறந்து சொன்னால் மாமியாரே, "ஏழு எண்ணுடி!" என்கிறார்.

நாலு மாசம் கழித்துப் போட்டி வந்தது. நான் போகவில்லை. அம்மா மண்டபம் படித்துறையில் போய்க் காவிரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானம் போன் வந்தது. நிதானத்தில் 275, ஒரு புள்ளி குறைவு. வேகத்தில் 268! மொத்தம் 543. படி ஏறிவிட்டாள்.

"அடுத்த போட்டிக்கு நீ வாம்மா" என்றாள்.

'சரி' என்று உடனே சொல்ல வாய் வந்தது. கடிகாரத்தைப் பார்த்து முழுசாக ஏழு செகண்டு பொறுத்தேன். பிறகுதான் சொன்னேன். நீங்களும் ஒருநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஏழு எண்ணிப் பாருங்களேன். உங்கள் ஏழு எத்தனை செகண்டு?