அருணனும் கருடனும்: பாங்காக் நீர்வழியில்

பாங்காக் நகரின் சீலோம் சாலையில், 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் உள்ளது. அங்கு அன்னையை வணங்கி வெளிவரும் மூத்த அன்பர்களை, உடன்வந்த பிள்ளைகள் கால்வாய்ப் படகுச் சுற்றுலாவுக்கு அழைப்பதுண்டு. முழங்கால் வலி தயங்கச் செய்கிறது. "கோயிலுக்கு வந்த இடத்தில் வேடிக்கை எதற்கு?" என்று மனமும் விலகுகிறது.

ஆயினும் அது வெறும் வேடிக்கையன்று. நகரின் மேற்கே தோன்புரியில் வளைந்தோடும் இரு கால்வாய்கள், உண்மையில் சாவோ பிரயா நதியின் பழைய பாதையே. 16-ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்காக வெட்டிய குறுக்கு வழி நாளடைவில் அகன்று பெருநதியாயிற்று. ஆதி நதியோ கால்வாயாகச் சுருங்கிற்று.

தென்கால்வாய் நதியோடு கலக்குமிடத்தின் அருகே வாட் அருண் என்னும் பௌத்த ஆலயம் விளங்குகிறது. கதிரவனின் தேர்ப்பாகன் அருணனின் பெயரே அதற்கு வாய்த்தது. மேருமலையை நினைவூட்டும் அதன் நடுக்கோபுரத்தில், மூன்று தலை ஐராவதத்தின்மேல் இந்திரன் வீற்றிருக்கிறான். வடகால்வாயின் முகப்பில் அரசப் படகுகளின் காட்சிச்சாலை உள்ளது. மன்னரின் பொன்விழாவையொட்டி 1996-இல் நீரில் இறங்கிய படகின் முனையில், அருணனின் தம்பியாகிய கருடன்மீது திருமால் எழுந்தருளியிருக்கிறார்.

செல்வதா, வேண்டாவா? நீண்ட வால் போன்ற இயந்திரம் பூட்டிய படகு குறுகலானது, இரைச்சல் மிகுந்தது. அசையும் படித்துறையிலிருந்து கைபிடித்து இறங்கவும், தாழ்ந்த பலகையில் அமர்ந்தெழவும் இயலுவோர் தயங்காமல் செல்லலாம். வெயில் ஏறுமுன் புறப்படுவதும், கட்டணத்தையும் நேரத்தையும் முன்னரே பேசி முடிப்பதும், மிதவைச் சட்டை அணிவதும் நலம்.

இயலாதவர் தா தியன் துறையிலிருந்து அகன்ற பயணிகள் படகில் சில நிமிடங்களில் வாட் அருணை அடையலாம். செங்குத்தான படிகளில் ஏற வேண்டுவதில்லை. கீழிருந்தே கோபுரத்தைக் காணலாம். நீர்ப்பயணமே ஒவ்வாதோர்க்கு, 1784-இல் நிறுவப்பெற்ற தேவசதான் என்னும் பிராமணர் கோயில் நிலவழியிலேயே உள்ளது. சிவபெருமானும் விநாயகரும் திருமாலும் தனித்தனிச் சந்நிதிகளில் அருளும் அவ்விடத்தில், திருவெம்பாவை ஓதும் மரபு இன்றும் தொடர்கிறது.

தொடைகளின்றிப் பிறந்தவன் அருணன் என்று புராணம் கூறும். ஆயினும் கதிரவனின் தேரை நாள்தோறும் செலுத்துபவன் அவனே. கால்கள் தளர்ந்த அடியவர் படகேறினும் கரையில் நின்றே கைகூப்பினும், தரிசனத்தில் குறைவொன்றுமில்லை.