கயிலை தந்த ஐயாறு

குமாவுன் மலைப்பகுதியிலிருந்து திபெத்திற்குச் செல்லும் தொன்மையான வழி, லிபுலேக் கணவாய். உப்பும் கம்பளியும் சுமந்த வணிகர்கள் நடந்த அவ்வழி, 1962-ஆம் ஆண்டுப் போரினால் அடைபட்டது. 1981-இல் திருக்கயிலை யாத்திரிகர்களுக்காக மீண்டும் திறக்கப்பெற்றது. 2020 முதல் நின்றிருந்த யாத்திரை, 2025-இல் மறுபடியும் தொடங்கியது.

கணவாயின் உயரம் ஏறத்தாழ 5,100 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியைச் சற்றே கடந்தது. ஆகவே, வழியில் குஞ்சி என்னும் ஊரில் மருத்துவர்கள் யாத்திரிகர் ஒவ்வொருவரையும் மீண்டும் சோதிக்கின்றனர். இரத்த அழுத்தம் மிகுந்தவர் அங்கிருந்தே திரும்ப வேண்டும். பல ஆண்டுகள் பணம் சேர்த்து, விரதம் காத்து வந்த தம்பதியருள் ஒருவர் தேறி, மற்றவர் தேறாது போவதும் உண்டு. "நீ போய்த் தரிசித்து வா" என்று வாழ்க்கைத் துணைக்கு விடைகொடுப்பவரின் மனநிலையை யார் அளக்க வல்லார்?

மேலே செல்வோர், காற்று வலுக்குமுன் கடக்க வேண்டி, விடியலுக்கு முன்பே இருளில் புறப்படுகின்றனர். எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னே தள்ளிவைக்க வேண்டும். அப்பால் தக்லாக்கோட், அதனையும் கடந்தால் மானசரோவர். ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் கடல்போல் விரிந்த நன்னீர் அது. அதன் கரையில் தங்கும் இரவில் உறங்குவோர் சிலரே. தெற்கே குர்லா மாந்தாதாவின் பனிச்சிகரம். வடக்கே கயிலைநாதனின் திருமலை. பௌத்தரும் சமணரும் போன் நெறியினரும் வணங்கும் மலையும் அதுவே.

குஞ்சியில் திரும்பியவருக்கு இக்காட்சி இல்லையா? சேக்கிழார் பெருமான் விடை தருகிறார். கயிலை காணச் சென்ற அப்பர் பெருமான், கால்கள் தேய்ந்தபின் கைகளால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், உடல் முழுதும் ஓய்ந்து கிடந்தார். முனிவராய் வந்த இறைவன், இவ்வுடலோடு அங்கு அடைதல் அரிது என்று தடுத்தான். பின்னர் ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச்செய்தான். அங்கேதான் அவருக்குக் கயிலைக் காட்சி கிட்டியது. உயிர்கள் யாவும் தத்தம் துணையோடு வர, அவற்றைச் சிவமும் சக்தியுமாகக் கண்டார் நாவுக்கரசர். ஆடி அமாவாசைதோறும் ஐயாற்றில் அக்காட்சி விழாவாக நிகழ்கிறது.

திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் முதல்வர் அப்பரே என்று கொண்டால், திரும்புதல் தோல்வியாகாது. துணைவர் செம்பில் கொணரும் மானசரோவர் தீர்த்தத்தை வீட்டுப் பூசையறையில் இருவரும் சேர்ந்து தெளித்துக்கொள்ளும் வேளையில், ஐயாற்றுக் காட்சியின் ஒரு துளி அவ்வில்லத்திலும் நிகழ்கிறது. கயிலை செல்ல இயலாத பெரியோர், ஐயாறப்பர் சந்நிதியில் ஒருமுறை நிற்கட்டும். அங்கும் இருப்பவன் அவனே.