கடையில் பேர் எழுதி வைத்தவன்

ஆர்ச்சர்ட் சாலைக் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் அது இருந்தது. கறுப்பு முகம், எஃகுச் சங்கிலி. ரோலக்ஸ் சப்மரினர். சிங்கப்பூருக்கு வந்து பதினேழு வருடத்தில் முதன்முறையாக, தேவையே இல்லாத ஒரு பொருளுக்கென்று பணம் ஒதுக்கிக்கொண்டு போயிருந்தேன். பத்தாயிரம் வெள்ளிக்கு மேல். இதை எடுத்துக் கொடுங்கள் என்றேன். கடைப்பெண் பணிவாகச் சிரித்து, அது காட்சிக்கு மட்டும் என்றார். விற்பனைக்கு உள்ளது? இப்போது இல்லை. எப்போது வரும்? சொல்ல முடியாது. பேர் கொடுத்துவிட்டுப் போனால்? எழுதிக்கொள்கிறோம் சார், ஆனால் அதை வரிசை என்று நினைக்காதீர்கள்.

பேர் எழுதுவார்கள், வரிசை கிடையாது. இது விளங்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. கடைக்குப் போனது 2021இல்.

கடைக்குப் போன அன்றிரவு கர்நாடகத்தில் எங்கள் ஊரான சாமராஜநகருக்குப் போன் போட்டபோது, சும்மா இருக்காமல் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"ஏங்கண்ணு, காசு உங்கிட்ட இருக்குது. மாலு அவங்கிட்ட இருக்குது. அப்புறம் என்ன?"

"பேர் எழுதி வெச்சிருக்கறனுங்கப்பா."

"ரேசன் கடையா?"

அப்பா பட்டுக்கூடு வியாபாரி. அவருக்கு இது புரியாததில் வியப்பில்லை. கூட்டை அறுத்த பிறகு விவசாயிக்கு இருப்பது சில நாட்கள்தான். அதற்குள் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் ஏலத்தில் போட்டாக வேண்டும். தவறினால் உள்ளே இருக்கும் புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். நூல் அறுந்த கூட்டை நூற்புக்காரன் தொடமாட்டான். விற்பவன் தவிப்பான், வாங்குபவன் கூடையில் கையை விட்டு அளைந்து பார்த்து உதட்டைப் பிதுக்குவான். அப்பா அறுபது வருடமாகப் பார்த்த வியாபாரம் இது. பணத்தோடு வந்தவனைக் கடைக்காரன் திருப்பி அனுப்புவது அவர் கணக்கில் எந்தப் பக்கத்திலும் அடங்கவில்லை.

எங்கள் தாத்தா தாளவாடியிலிருந்து திம்பம் மலையிறங்கிச் சத்தியமங்கலம் போகாமல், இந்தப் பக்கம் சாமராஜநகருக்கு வந்தவர். பக்கம்தான், ஆனால் பாஷை வேறு. வீட்டில் கொங்குத் தமிழும் தெருவில் கன்னடமுமாக வளர்ந்தோம். முன்பு மைசூர் ஜில்லாவில் இருந்து, 1997இல் தனி ஜில்லாவான ஊர். இங்கே காலடி வைக்கும் முதலமைச்சர் பதவியை இழப்பார் என்றொரு நம்பிக்கை கர்நாடகத்தில் ரொம்ப நாளாக உண்டு. பலர் பயந்து வராமலே இருந்தார்கள். முதலமைச்சர்களே வரப் பயந்த ஊருக்கு ரோலக்ஸ் டீலர் எங்கே வரப்போகிறார்.

ஆனால் காத்திருந்து கடிகாரம் வாங்கிய கதை எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதை அப்பா மறந்துவிட்டார், அல்லது அதை ஒரு கஷ்டமாக அவர் நினைத்ததே இல்லை.

1974இல் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. வாட்ச் போடுவதாகப் பேச்சு. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை; முதல் கடிகாரங்களை நேரு கையால் வெளியிட்டார்கள். வெளிநாட்டுக் கடிகாரம் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, கடத்தல் சரக்கை நம்ப முடியாது. நாடு முழுவதற்கும் நல்ல கடிகாரம் என்றால் எச்.எம்.டி.தான், அது போதவில்லை. பிறகு ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று ஆலைகள் வந்தும் பற்றாக்குறை லேசில் தீரவில்லை. எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, மீட்டர் கேஜ் ரயிலில் மூன்று தடவை மைசூருக்குப் போய் ஏஜென்ட் கடையில் கேட்டு வெறுங்கையோடு வந்தாராம். கடைசியில் ஜாலஹள்ளி எச்.எம்.டி. ஆலையில் வேலை பார்த்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து, கல்யாணத்துக்கு மறுவாரம் ஒரு ஜனதா வந்து சேர்ந்தது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய, வெள்ளை முகக் கடிகாரம்.

ஆடியில் புதுமணத் தம்பதிகளைப் பிரித்து வைக்கும் வழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. அந்த மாதத்தில் வரும் சாமராஜேஸ்வரர் தேருக்கு மட்டும் பிரிந்தவர்கள் சேர்ந்து வந்து பழம் எறிவார்கள். தாய்வீட்டிலிருந்து வந்திருந்த அம்மாவோடு நின்று அப்பா அன்று பழம் எறிந்ததை அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடிகாரம் கட்டிய கையால் எறிந்தாராம். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதானே.

அந்தக் காத்திருப்புக்கு ஒரு காரணம் இருந்தது: செய்தது குறைவு, கேட்டவர்கள் அதிகம். நான் நின்ற இடத்தின் கணக்கு வேறு. ரோலக்ஸ் வருடத்துக்குப் பத்து லட்சம் கடிகாரங்களுக்கு மேல் செய்வதாகத் துறையைக் கவனிப்பவர்கள் கணிக்கிறார்கள். கம்பெனி வாய் திறப்பதில்லை. நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் பெயரிலான அறக்கட்டளைக்குச் சொந்தமானதால் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதும் இல்லை. 2020இல் கொரோனாவால் ஆலைகளைச் சில வாரம் மூடினார்கள். வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கையில் செலவழியாத காசு. பாதிப் பேர் கட்டிக்கொள்ள வாங்கினார்கள், மீதிப் பேர் விற்க வாங்கினார்கள். தட்டுப்பாடு எங்கள் உத்தி கிடையாது என்று கம்பெனி 2021இல் சொன்னது. சுவிட்சர்லாந்தின் புல் நகரத்தில் 2029இல் திறப்பதாக ஒரு புது ஆலையையும் பிறகு அறிவித்தார்கள். நம்புகிறேன். ஆனால் தட்டுப்பாடு வந்த பிறகு கடைகளில் நடப்பது இருக்கிறதே, அதை உத்தி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கடைப்பெண் கேட்ட கேள்விகளைச் சொல்கிறேன். என்ன வேலை? எங்கே குடியிருக்கிறீர்கள்? இந்தக் கடிகாரம் ஏதாவது விசேஷத்துக்கா? ஏற்கெனவே என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? எங்களிடம் முன்பு வாங்கியிருக்கிறீர்களா?

எனக்குக் கை வியர்த்தது. முதல் வேலை பாஸுக்கு எழுதிய விண்ணப்பம், வாடகை வீடு காட்ட வந்து "வீட்டில் நிறைய சமைப்பீர்களா" என்று கேட்ட ஏஜென்ட், நிரந்தரவாசத்துக்காக ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக்கூட மொழிபெயர்த்து அனுப்பிய இரவு எல்லாம் ஞாபகம் வந்தது. புலம்பெயர்ந்தவனுக்கு இந்தத் தொனி நன்றாகத் தெரியும். நல்லவனாகத் தெரிய வேண்டும்; ரொம்ப ஆசைப்படுவதாகவும் தெரியக்கூடாது. நான் விற்பனையாளர் முன்னால் உட்கார்ந்து, இதை மறுவிற்பனை செய்யமாட்டேன், மகனுக்கு வைத்துவிட்டுப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகனுக்கு அப்போது ஏழு வயது, கேட்டது டைனோசர் பொம்மை.

ஒரு தடவை அந்தப் பெண் பேச்சுவாக்கில், மனைவிக்கு ஏதாவது பார்க்கிறீர்களா என்றார். பார்த்தோம். யாரும் வரிசையில் நிற்காத ஒரு பிராண்டில் சின்னக் கடிகாரம் வாங்கினேன். இதற்கு அவர்கள் மொழியில் "பர்ச்சேஸ் ஹிஸ்டரி" என்று பெயர். யாரும் வற்புறுத்தவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அப்பாவிடம் சொன்னபோது, "சக்கரை வேணும்னா சோப்பு வாங்கோணும்னு ரேசன் கடைக்காரன் சொல்லுவானே, அதேதான்" என்றார். அவர் முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

குறுக்கு வழி இல்லாமல் இல்லை. ஃபார் ஈஸ்ட் பிளாசாவில் மாடி ஏறினால் பழைய கடிகாரக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே சப்மரினர் உடனே கிடைக்கும், டீலர் விலைக்கு மேலே கொடுத்தால். 2022 தொடக்கத்தில் அந்த வித்தியாசம் உச்சியில் இருந்தது, பிறகு சரிந்தது. கட்டாத கடிகாரத்துக்குக் கட்டிய கடிகாரத்தைவிட விலை அதிகம். பெட்டி, பச்சை அட்டை, ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் இருந்தால் இன்னும் கூடுதல். அதனால்தான் இப்போது டீலர்கள் பிளாஸ்டிக்கை உங்கள் கண் முன்னாலேயே உரித்துவிட்டு, சங்கிலியைக் கை அளவுக்குக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள். அப்பா காலத்தில் இதற்கு "பிளாக்" என்று பெயர். இப்போது "கிரே". நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

நான் மாடி ஏறிப் பார்த்தேன், வாங்கவில்லை. கௌரவம் என்று சொல்லமாட்டேன். பதினான்கு மாதம் காத்துக்கிடந்த பிறகு அதிக விலை கொடுத்து வாங்கினால் அந்தப் பதினான்கு மாதமும் வீண் என்றாகிவிடுமே என்ற கருமித்தனம்தான்.

போன் ஒரு புதன்கிழமை மதியம் வந்தது. இரண்டு நாளைக்குள் வந்து வாங்க வேண்டும். ஆபீஸில் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு ஓடினேன். வெல்வெட் தட்டில் வைத்து நீட்டினார்கள், கூடவே ஒரு கோப்பை ஷாம்பெயின். குடிக்கமாட்டேன் என்றேன், ஆப்பிள் ஜூஸ் வந்தது. ஐந்து வருட வாரண்டி. முந்நூறு மீட்டர் ஆழம்வரை தாங்கும் என்று விளக்கினார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. சாமராஜநகரில் அதற்கான ஆழமும் எங்கே இருந்தது. உண்மையில் எம்.ஆர்.டி.யில் வீடு திரும்பும்போது எனக்கு இருந்தது சந்தோஷத்தைவிட, பரீட்சையில் தேறிவிட்ட நிம்மதி. ஒரு கடையில் பொருள் வாங்கியதற்கு ஏன் தேறிய நிம்மதி வர வேண்டும் என்று டோபி காட் ஸ்டேஷனில் யோசித்தேன். பதில் வருவதற்குள் ரயில் மாறிவிட்டேன்.

அடுத்த ஆனியில் ஊருக்குப் போனோம். அப்பாவின் ஜனதா பத்து நாளாக நின்றுபோயிருந்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016இலேயே முடிவு செய்துவிட்டது; ஜாலஹள்ளியில் இப்போது ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், கடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் கன்னடக்காரப் பெரியவரிடம் இன்னும் ஜனதாவுக்கு உதிரி பாகங்கள் இருக்கின்றன. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில்.

அவர் லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, சிறு கத்தி முனையால் ஜனதாவின் முதுகை நெம்பித் திறந்தார். உள்ளே எண்ணெய் கெட்டியாகிவிட்டது என்றார். துடைத்தார், எண்ணெய் விட்டார், சாவி கொடுத்தார். மேஜைமேல் வைத்தாலும் கேட்கிற டிக்டிக். பிறகு என் கையைப் பார்த்தார். கழற்றிக் கொடுத்தேன். திருப்பி, முதுகு விளிம்பில் ஓடிய வரிவரிப் பற்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது என்னிடம் இருக்கிற எதற்கும் திறக்காது என்று கன்னடத்தில் சொல்லி, வேட்டி நுனியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அப்பா அதை வாங்கிக் காதில் வைத்தார்.

"சத்தமே காணோம்."

"ஓடுதுங்கப்பா."

"சரி, மணி என்ன, சொல்லு. இதுல வெக்கோணும்."

கையைப் பார்த்துச் சொன்னேன். நாலரை.

"இப்பத்தானே சோறு தின்னுட்டு வந்தோம்" என்றார் அப்பா. சிங்கப்பூர் நேரத்தை மாற்றாமல் வந்திருந்தேன். நான் இரண்டரை மணி நேரத்தைக் கழித்து முடிப்பதற்குள் பெரியவர் தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஜனதாவில் இரண்டு மணி வைத்துவிட்டார்.