சி டிரைவில் இடமில்லை

திரையில் நீலமாக இருக்க வேண்டிய பட்டை சிவப்பாகிவிட்டது. சி டிரைவில் மிச்சம் இருப்பது 2 ஜி.பி. கூட இல்லை. புனே கட்கியில் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த வேலூர்க்காரர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். நேற்று வரை இடம் இருந்தது. ராத்திரி முழுக்க லேப்டாப் தானாக ஏதோ செய்துகொண்டிருந்தது. காலையில் இல்லை.

அவருக்கு கம்ப்யூட்டர் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். அந்தப் பகுதியின் தமிழ்க் குடும்பங்கள் சுமார் 80 சேர்ந்து ஒரு சாவு நிதி நடத்துகின்றன. மாதம் 50 ரூபாய் சந்தா. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பிணம் எடுக்கும் முன் ஒரு தொகை கையில் கொடுக்கப்பட்டுவிடும். ஊரை விட்டு வந்த இடத்தில் யாரிடமும் கைநீட்டாமல் போய்ச் சேர வேண்டும் என்று முந்தைய தலைமுறை செய்துவைத்த ஏற்பாடு. யார் கட்டினார், யார் பாக்கி, யாருக்கு எவ்வளவு கொடுத்தது எல்லாம் ஒரே ஃபைலில். கணக்கர் அவர்தான்.

இத்தனைக்கும் காரணம் அக்கறைதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திக்கொண்டது. "காகா, இனிமேல் இதில் பணக் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், 11-க்கு மாறிவிடுங்கள்" என்று எதிர்வீட்டு மராத்திப் பையன் சொன்னான். என்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். 2019-ல் வாங்கிய லேப்டாப் புதியதை ஏற்றுக்கொண்டது. மாற்றியதும் அவன்தான்.

சிவப்பைப் பார்க்க அவனையே கூப்பிட்டார். முதல் சந்தேகம் கணக்கருக்கே உரியது. பில்லில் 128 ஜி.பி. என்று இருக்கிறது, கம்ப்யூட்டரோ மொத்தமே 119 என்கிறது. மீதி 9 எங்கே? யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணி 128 என்கிறார். விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணி 119 என்கிறது. விற்கிறவன் படி ஒன்று, அளக்கிறவன் படி வேறு. அவருக்கு இது சமாதானமாகவில்லை. ஆனால் கணக்கு சரியாக இருந்ததால் பேசாமல் விட்டார்.

இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டர். புது விண்டோஸ் குடியேறும்போது பழையதைத் தூக்கி எறிவதில்லை. காலி செய்த வீட்டுச் சாமான்களைக் கூடத்தில் குவித்துவைப்பதுபோல மொத்தத்தையும் அந்த ஃபோல்டரில் போட்டுவைக்கிறது. புதியது பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பிப் போகலாம். கெடு பத்து நாள். அதன் பின் தானாகவே அழித்துவிடும். பத்தாம் நாள் காரியம் அமெரிக்காவரை போய்விட்டதா என்று கணக்கர் சிரித்தார். சிறிய டிஸ்க் உள்ளவர்களுக்கு இது பெரிய சுமை. அவருடையதில் அது 20 ஜி.பி.க்கு மேல்.

பத்து நாள் காத்திருந்திருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஃபைலை சேமிக்கப் போனால் இடமில்லை என்று மெஷின் மறுத்தது.

"பழசை அழித்தால் என் கணக்கு போய்விடாதே?" என்று கேட்டார். போகாது என்றான் பையன். அதுவரை சரி. இப்படி மேம்படுத்தும்போது சொந்த ஃபைல்கள் புது வீட்டுக்கு வந்துவிடுகின்றன. பழைய ஃபோல்டரில் எஞ்சுவது பழைய விண்டோஸ்தான். அதைக் கையால் இழுத்து அழிக்கக் கூடாது, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய்த்தான் நீக்க வேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அங்கே தற்காலிக ஃபைல்கள் என்ற தலைப்பில் ஒரு பட்டியல். பழைய விண்டோஸ், அப்டேட் மிச்சங்கள், குட்டிப் படங்கள், குப்பைத் தொட்டி. எல்லாம் போனாலும் மோசமில்லாதவை. அதே பட்டியலில், அதே அளவுக் கட்டத்தோடு, 'டவுன்லோட்ஸ்'. இதை விண்டோஸ் தானாக டிக் செய்வதில்லை. சொந்த ஃபைல்கள் என்று கீழே ஒரு வரி எச்சரிக்கையும் உண்டு. ஆனால் சொந்தப் பொருளைக் குப்பைகளின் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, கீழே சின்ன எழுத்தில் எச்சரிப்பது என்ன நியாயம்? அவசரத்தில் இருந்த பையன் எல்லாக் கட்டங்களையும் டிக் செய்தான். 38 ஜி.பி. திரும்பக் கிடைத்தது. பட்டை நீலமானது. டீ வந்தது.

கணக்கு டவுன்லோட்ஸில்தான் இருந்தது. 2021-ல் லேப்டாப் பழுதானபோது ஃபைலைத் தனக்கே மெயில் அனுப்பிக்கொண்டார். மெயிலிலிருந்து திறந்தபோது அது அங்கே போய் விழுந்தது. அன்றிலிருந்து கடைசியாகத் திறந்தவை வரிசையில் அதைத் தட்டித் திறப்பார், எழுதுவார், சேமிப்பார். எந்த ஃபோல்டர் என்று பார்த்ததே இல்லை. "வைத்த இடத்தில்தானே இருக்கும்?" என்பார்.

இந்த வழியில் அழித்தது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போவதில்லை. பையன் முகம் வெளுத்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு புத்வார் பேட்டின் தாப்கீர் கல்லிக்கு ஓடினான். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் சந்து அது. பழைய சுழலும் டிஸ்க் என்றால் பார்க்கலாம் என்றார் ரிப்பேர்காரர். அதில் அழிப்பது என்பது பெயர்ப் பட்டியலில் ஒரு வரியை அடிப்பதுதான். மேலே வேறு எதுவும் எழுதாத வரை எழுத்து உள்ளே கிடக்கும். இது எஸ்.எஸ்.டி. அழித்த இடம் இன்னது என்று விண்டோஸ் சொன்னதுமே டிஸ்க் அதைத் தானே துடைக்கத் தொடங்கிவிடும். காசு வாங்காமல் திருப்பி அனுப்பினார்.

பையனை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்டே வெளியிட்ட ஒரு விண்டோஸ் 10 அப்டேட், சிலரது சொந்த ஃபைல்களைத் துடைத்துவிட்டது. காலி நகல் ஃபோல்டர்களை அகற்றப் போன இடத்தில் நடந்த பிழை. பாதிக்கப்பட்டவர்கள் மிகக் குறைவு என்றாலும், வெளியீட்டை நிறுத்திவைத்துத் திருத்த வேண்டியிருந்தது.

ஞாயிறன்று கணக்கர் கூட்டத்தில் எழுந்து நின்றார். 34 ஆண்டு தணிக்கைகளில் ஒரு முறைகூடச் சொல்லியிராத வாக்கியத்தைச் சொன்னார்: "கணக்கு போய்விட்டது." பின் வரிசையில் ஒருவர் சிரித்தார். கம்ப்யூட்டர் தின்றுவிட்டது என்பது நிதி நடத்துகிறவர்கள் சொல்லும் சாக்குகளில் ஒன்று என்பது அவருக்கும் தெரியும். பையனின் பெயரை அவர் எடுக்கவில்லை.

முதலில் அசைந்தது செப்டம்பரில் கணவனை இழந்த அம்மாள். முந்தானையில் முடிந்துவைத்திருந்த சந்தா அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எழுதிக்கோங்கண்ணே. அவரு ஒரு மாசம்கூடப் பாக்கி வெச்சதில்ல."

ஏப்ரலில் பொருளாளருக்கு அனுப்பிய மெயிலில் அதுவரைக்குமான கணக்கு கிடைத்தது. மீதி ஆறு மாதம். ரசீதுப் புத்தகங்களின் கார்பன் நகல்கள் இருக்கின்றன. அட்டைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. இப்போது தினமும் சாயங்காலம் பையன் வந்து எதிரில் உட்காருகிறான். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ரசீது எண்ணையும் தொகையையும் மராத்தியில் வாசிக்கிறான். கணக்கர் ரசீதை வாங்கிப் பார்த்து, பெயரைத் தட்டுகிறார். ஜூலை வரை முடிந்திருக்கிறது. பக்கத்தில் நீளமான ஒரு கட்டுமான நோட்டு. அதிலும் எழுதிக்கொள்கிறார், பேனாவால்.