தண்ணீர் இல்லையா, ஒயர் இல்லையா?

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு பழைய வீட்டின் மாடி. நாலைந்து பேர் உட்கார்ந்து சி மொழியில் ஒரு லைப்ரரி எழுதுகிறார்கள். தொட்டி, கிணறு, வாய்க்கால்களில் பொருத்தும் நீர்மட்டக் கருவிகளிடமிருந்து அளவைப் படித்துத் தருவதுதான் அதன் வேலை. பார்க்கத் திரையோ அழுத்தப் பொத்தானோ கிடையாது. பம்ப் பேனல் செய்கிறவர்கள் வாங்கித் தங்கள் புரோகிராமோடு சேர்த்துக்கொள்வார்கள்.

"என் ஃபங்ஷனை யார் கூப்பிடுறாங்கன்னே எனக்குத் தெரியாது சார்" என்றார் குழுத்தலைவி. "துவாக்குடியில ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பேனல் கூப்பிடும். ஏதாவது கோளாறுன்னா அங்க நான் இருக்க மாட்டேன். நான் குடுத்த எரர் நம்பர் மட்டும்தான் இருக்கும்."

அந்த நம்பரை முடிவு செய்வதில்தான் இவர்களுடைய நேரத்தில் பெரும்பகுதி போகிறது. அளவைப் படிக்கும் வரிகள் கொஞ்சம்; படிக்க முடியாமல் போனால் என்ன சொல்வது என்பதற்கான வரிகள்தான் பக்கம் பக்கமாக நீள்கின்றன.

முதலில் எழுதிய ஃபங்ஷன் நீர்மட்டத்தை மில்லிமீட்டரில் திருப்பித் தந்தது. படிக்க முடியாவிட்டால் 0. மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. அதற்கு முந்தைய வாரங்களில் ஸ்ரீரங்கத்தின் அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள சிக்கல் உடனே புரியும். காவிரிக் கரையில் பூஜ்யம் என்பது நிஜமான அளவு. தண்ணீர் இல்லையா, ஒயர் இல்லையா என்று பேனலுக்கு எப்படித் தெரியும்? சரி, கோளாறுக்கு -1 என்று மாற்றினார்கள். ஒரு கிணற்றில் பூஜ்யக் குறியைத் தரைமட்டத்தில் வைத்திருந்தார்கள். குறிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே தண்ணீர் நின்றால் அதுவும் -1.

இது சி மொழியோடு கூடப்பிறந்த வியாதி. எழுத்துகளை எண்ணாக மாற்றும் அதன் பழைய ஃபங்ஷனான ஏடுஐ-யிடம் '0' என்று கொடுத்தாலும் 0 வரும், எண்ணே இல்லாத குப்பையைக் கொடுத்தாலும் 0 வரும்.

இதற்கு வழி சொன்னவருக்கு சி தெரியாது. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கருவிகளைச் சோதித்துக் கொடுக்க வருகிறார். குழுவில் எல்லோருக்கும் அவர் 'அண்ணே'. மல்டிமீட்டரை ஒயரில் வைத்து எனக்கும் காட்டினார். "எங்க சிக்னல்ல பூஜ்யத்துக்கே நாலு மில்லியாம்ப் ஓடும் தம்பி. தொட்டி நிறைஞ்சா இருபது. ஒண்ணுமே ஓடலைன்னா ஒயர் அறுந்துபோச்சுன்னு அர்த்தம்." பாதித் தொட்டி என்றால் 12. 3.6-க்குக் கீழே இறங்கினாலோ 21-க்கு மேலே ஏறினாலோ கருவியில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது நாமூர் என்ற ஜெர்மன் அமைப்பின் பரிந்துரை. அளவு ஓடுகிற எல்லைக்குள் கோளாறு கால்வைக்கவே முடியாது. கணினிக்காரர்கள் இன்னும் தடுமாறும் இடத்தை இந்த ஸ்பேனர்க்காரர்கள் எவ்வளவு சுத்தமாகக் கடந்திருக்கிறார்கள்!

லைப்ரரியும் அதே வழிக்கு வந்தது. ஃபங்ஷன் இப்போது அளவைத் திருப்பித் தருவதில்லை. பிழை எண்ணை மட்டும் தருகிறது. 0 என்றால் எல்லாம் சரி. அளவு வேண்டுமானால் கூப்பிடுகிறவர் தரும் முகவரியில் தனியாக எழுதிவைக்கும். பிழை வந்தால் அந்த முகவரியை அது தொடாது.

எத்தனை பிழைகளுக்குத் தனி எண் என்பது அடுத்த சண்டை. ஆளாளுக்குச் சேர்த்துச் சேர்த்து ஹெடர் ஃபைல் வீங்கிவிட்டதாம். பிறகு ஒரே கேள்வியை வைத்துக் கழித்தார்கள்: இந்த எண்ணை வாங்கினவர் வேறு ஏதாவது செய்வாரா? பதில் வரத் தாமதமானால் மறுபடி கேட்கலாம். ஒயர் அறுந்திருந்தால் ஆளை அனுப்ப வேண்டும். கருவி முகவரி தப்பு என்றால் புரோகிராமையே திருத்த வேண்டும். இவை மூன்றுக்கும் மூன்று எண். செய்யப்போவது ஒன்றே என்றால் எண்ணும் ஒன்றே. விவரத்தைச் செய்தியில் எழுதிக்கொள்ளலாம். எண்ணையும் செய்தியையும் ஒரே பட்டியலில் வைத்து மேக்ரோவால் இரண்டு இடத்துக்கும் பிரிக்கிறார்கள்; ஒன்றைச் சேர்த்து மற்றதை மறக்க வழியில்லை.

பிழை எண்ணுக்கென்று சி-யே வைத்திருக்கும் ஏற்பாடான எர்னோவையே பயன்படுத்தலாமே என்று கேட்டேன். மொழித் தரம் அதில் நிச்சயமாகத் தருவது மூன்றே பெயர்கள். லினக்ஸில் நூற்றுமுப்பதுக்கும் மேல். அதில் 25-ஆம் எண்ணுக்கு யூனிக்ஸில் நெடுங்காலம் இருந்த செய்தி 'இது தட்டச்சுப்பொறி அல்ல' என்பது. தட்டச்சுப்பொறியோடு சம்பந்தமே இல்லாத எத்தனையோ பேர் அதைப் பார்த்து விழித்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, வேலை நன்றாக முடிந்தாலும் சி-யின் எந்த ஸ்டாண்டர்ட் ஃபங்ஷனும் எர்னோவைப் பூஜ்யமாக்காது. முந்தைய பிழை அப்படியே கிடக்கும். மோட்பஸ் என்ற தொடர்பு முறையில் கருவிகளோடு பேசும் லிப்மோட்பஸ் என்ற லைப்ரரி எர்னோவைத்தான் நம்புகிறது. கணினியின் எண்களோடு மோதாமலிருக்கத் தன் எண்களை 112345678-க்கு அப்பால் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார் தலைவி. ஆனால் மோதவில்லை என்பதும் உண்மை.

ஒருமுறை வெளியே போன எண்ணை மாற்றக் கூடாது. பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் சுமக்கும் நம் வீட்டு வாசல்களைப் பார்த்தாலே காரணம் தெரியும். லிப்கர்ல் என்ற இணைய லைப்ரரியில் வழக்கொழிந்த பல பிழைகளின் எண்களைக் காலாவதி என்று பெயரிட்டுக் காலியாக வைத்திருக்கிறார்கள். இங்கும் அதே விதி.

ஸ்ரீரங்கத்தில் சாஃப்ட்வேர் பேசினால் இந்த ஊர் எழுத்தாளர் சுஜாதா வராமல் இருப்பாரா? பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அவர் பங்களிப்போடு உருவான வாக்குப்பதிவு இயந்திரத்தில், வரிசை தப்பிப் பொத்தானை அழுத்தினால் 'இன்வாலிட்' என்று காட்டும். இந்த லைப்ரரியிலும் கருவியைத் திறக்காமல் படிக்கக் கேட்டால் அதற்கென்று ஓர் எண் உண்டு.

கல்லூரியிலிருந்து புதிதாக வந்த பெண் தன் கோப்பைத் திறந்து காட்டினார். எங்கே பிழை வந்தாலும் 'கோட்டூ' போட்டு ஃபங்ஷனின் அடிக்குத் தாவி, வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. "காலேஜ்ல கோட்டூ எழுதினா மார்க் குறைப்பாங்க சார்" என்றார். ஆப்பிளின் பாதுகாப்பு நிரலில் இப்படி ஒரு கோட்டூ வரி தவறுதலாக இரண்டு தடவை விழுந்திருந்தது 2014-இல் தெரியவந்தது. இரண்டாவது வரி கடைசிச் சோதனையைத் தாண்டிக் குதித்தது. பிழை எண் 0-வாகவே இருந்ததால் எதிர்முனையின் டிஜிட்டல் கையெழுத்து சரி என்று முடிவாகிவிட்டது. பழி கோட்டூவின் மேல் விழுந்தது. என்னைக் கேட்டால் தப்பு அந்த 0-வில். அதை முதலிலேயே தோல்வி என்று வைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு 0 ஆக்கியிருந்தால் கதவு திறந்திருக்காது. இந்தப் பெண்ணின் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது.

சோதனையும் விசேஷம். நினைவகம் கேட்கும் மேலாக்கை வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள்: முதல் அழைப்பில் இல்லை என்கிறது, அடுத்த ஓட்டத்தில் இரண்டாவதில், பிறகு மூன்றாவதில். எஸ்க்யூலைட் என்ற தரவுதள லைப்ரரிக்காரர்களிடம் கற்ற வித்தை.

இவ்வளவு செய்தும் வாங்குகிறவர் எண்ணைப் பார்க்காமலே விடலாம். ஜிசிசி கம்பைலரில் ஒரு குறிப்பு வைத்தால் எச்சரிக்கும். சி-23 தரத்தில் அது மொழிக்குள்ளேயே வந்துவிட்டது. ஆனால் மனிதர்களை எச்சரிக்க வழியில்லை. நான் இருந்தபோதே ஒரு பேனல்காரரிடமிருந்து போன். எரர் என்று காட்டினால் ஊரில் கேள்வி கேட்கிறார்களாம். கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டார்.

"ஒயர் அறுந்து மூணு நாளானாலும் தொட்டி நிறைஞ்சே இருக்கும்" என்று முணுமுணுத்தார் அண்ணே.

தலைவி மறுக்கவுமில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. கடைசி அளவைத் தர ஒரு தனி ஃபங்ஷனை அன்று மாலையே எழுதினார். அதற்கு இரண்டு முகவரிகள் தர வேண்டும்: ஒன்றில் அளவு, மற்றதில் அந்த அளவு எடுத்து எத்தனை வினாடி ஆயிற்று என்பது. இரண்டாவதைத் தராமல் கூப்பிட்டால் அளவும் கிடைக்காது, பிழை எண்தான் வரும்.